ஒரே தடவை ஊற்றியதில் இத்தனை வரியா?

பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊருக்குப் போய் வந்ததிலிருந்து, மண் படிவில் தெரியும் வரிகளை எண்ணும் இந்தப் பைத்தியம். அங்கே மழை அறுத்து வைத்திருக்கும் களிமண் மேடுகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்துக் கடலடி. 'ஒரு வரி என்றால் ஒரு வெள்ளம்' என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன்.

முதலில் பாட்டில் சோதனை. மணலும் தோட்டத்து மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினேன். மணல் உடனே உட்கார்ந்துவிட்டது. களிமண் மறுநாளும் கலங்கலாகவே நின்றது. கல் உப்பு போட்ட பாட்டில் மட்டும் சீக்கிரம் தெளிந்தது. உப்பு நீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகிவிடுகின்றன. ஒவ்வொரு முறை மண் கொட்டியபோதும் கீழே பருமன், மேலே பொடி என ஒரு படிவு. சரி, என் கணக்கு சரிதான் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சிக்கல். இரண்டு வகைத் துகள்களைக் கலந்து ஊற்றினாலே தானாக வரிவரியாகப் பிரியும் என்று 1997-ல் இயற்பியலாளர் மாக்சேயின் குழுவினர் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய சோதனையை வீட்டில் செய்து பார்த்தேன். பழைய போட்டோ பிரேம் கண்ணாடி இரண்டு, நடுவே ஐஸ் குச்சி கனத்துக்கு இடைவெளி. ஒரு மூலையில் காகிதக் கூம்பு வழியாக, கடுகும் சீனியும் கலந்து ஊற்றினேன். கடுகு எல்லாம் உருண்டு அடிவாரத்துக்கு ஓடிவிட்டது, சீனி மேலேயே தங்கிவிட்டது. வரியே இல்லை.

தப்பு என்னுடையது. பெரிய துகள் சொரசொரப்பாகவும் சின்னது வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். நான் நேர்மாறாகப் போட்டிருக்கிறேன். சலித்த பொடி மணலையும் வெயிலில் காயவைத்த சீனியையும் (எறும்புக்குக் காவல் இருந்தது தனிக்கதை) கலந்து மெதுவாக ஊற்றினேன். குவியல் கொஞ்சம் செங்குத்தாகும், திடீரென்று சரியும். சரியும்போது மணல் சீனியின் இடுக்கு வழியாக அடியில் இறங்கிவிடும், சீனி மேலே மிதந்து வரும். சரிவு அடியில் முட்டி நின்றதும், அந்த நிறுத்தம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது. ஒரு சரிவுக்கு ஒரு பழுப்பு வரி, ஒரு வெள்ளை வரி. கை எடுக்காமல் ஊற்றிய ஒரே ஊற்றில் பதினொரு ஜோடி! அவசரப்பட்டு வேகமாகக் கொட்டியபோது வரிகள் மங்கிவிட்டன.

இது மணல் சரியும் சாய்வுகளுக்கு, உதாரணமாக மணற்குன்றில் காற்றுக்கு மறைவான பக்கத்துக்குத்தான் பொருந்தும். கடலடிச் சேற்றுக்கு இல்லை. ஆனாலும் காரைப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் எண்ணிய வெள்ளை வரிகளில் பாதி, படிவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அவை பிற்பாடு வெடிப்பில் ஊறி உறைந்த ஜிப்சம் என்ற வெள்ளைத் தாது. அடுத்த தடவை எண்ணுவதற்கு முன், படிவா ஜிப்சமா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.