பிரிவு 11இல் வராத பிள்ளைகள்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று லண்டன் கியூ (Kew) பகுதியில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். நுரைத் தாங்கியின் மேல் பைலை விரித்தால் மூலையில் பச்சைக் கயிறு, அதில் கோத்த கார்பன் பிரதிகள். தாள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது.

நான் தேடிப் போனது வியட்நாம் அகதிகளின் கதையை. 1979 ஜூலையில், ஜெனீவாவில் நடந்த அகதிகள் மாநாட்டை ஒட்டி, ஹொங்கொங் முகாம்களிலிருந்து 10,000 பேரை ஏற்பதாக பிரித்தானியா சொன்னது. வரவேற்பு முகாம்களை நடத்தியவை தொண்டு நிறுவனங்கள். 1985இல் பாராளுமன்ற உள்துறைக் குழு அந்தக் குடியமர்த்தலை விசாரித்துப் பரிந்துரைகளை வைத்தது. அரசு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் தயாரான பைல்தான் இது.

2024 பெப்ரவரி 8, வியாழன்

பதில் என்றால் ஒரு அலுவலர் மேசையில் உட்கார்ந்து எழுதி முடிக்கிற காரியம் இல்லை. வீடு என்றால் சுற்றாடல் திணைக்களம், பள்ளிக்கூடம் என்றால் கல்வித் திணைக்களம், உதவிப்பணம் இன்னொரு இடம், வேலைப்பயிற்சி வேறொரு இடம். உள்துறை அமைச்சு எல்லோரிடமும் பந்தி பந்தியாக வாங்கி ஒன்றாகத் தைக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் திரும்பச் சுற்றுக்கு விட வேண்டும். செலவு வைக்கிற வசனம் என்றால் திறைசேரி சம்மதிக்க வேண்டும். தைக்கிறவரின் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படித் தைக்கும்போது எந்தத் துண்டிலும் சேராத விஷயம் கீழே விழுந்துவிடுகிறது. அதைப் பொறுக்க ஆள் இல்லை.

2024 பெப்ரவரி 10, சனி

இன்று வியட்நாமியரின் புதுவருடம். வியட்நாம் கடைகள் இருக்கிற கிழக்கு லண்டன் கிங்ஸ்லாண்ட் வீதியில் ஃபோ என்ற நூடில்ஸ் சூப் குடிக்கப் போனேன். கடைகளில் இடமே இல்லை.

ஊருக்கு நான்கு முதல் பத்துக் குடும்பம் என்றுதான் அந்த அகதிகளை அன்று பிரித்து அனுப்பினார்கள். எந்தக் கவுன்சிலில் வீடு காலியாக இருந்ததோ அங்கே. வீடு காலியாக இருக்கிற ஊரில் வேலையும் இருக்காது என்பதை யாராவது யோசித்திருக்க வேண்டும். வந்தவர்களில் பலர் சீன வம்சாவளியினர், கன்டனீஸ் பேசுகிறவர்கள். ஒரு முட்டைக்கோவா வாங்க, ஒரு கிழவியின் நெஞ்சுவலியை டாக்டரிடம் சொல்ல, பக்கத்தில் சொந்த பாஷைக்காரர் வேண்டாமா? பிள்ளைகளையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் மன்செஸ்டருக்கும் வந்துவிட்டார்கள். இலங்கைத் தமிழரான நாங்கள் லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் சேர்ந்தது வேறு எதற்காக? பரவலாகப் பிரித்தது பிழை என்று 1985இல் குழுவே சொல்லிவிட்டது.

2024 பெப்ரவரி 13, செவ்வாய்

இன்று பார்த்த பந்தி என்னை அசைத்துவிட்டது. 1966ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தரும் ஆசிரியர் சம்பளத்தில் 75 வீதத்தை அரசு தரும். ஆனால் பொதுநலவாய (காமன்வெல்த்) நாட்டவருக்கு மட்டும். வியட்நாம் பொதுநலவாயம் இல்லை. 1993இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

1987இல் கிழக்கு லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் அந்தப் பிரிவு 11 சம்பளத்தில்தான் நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். என் மேசைக்கு வந்த பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். யாழ்ப்பாணப் பிள்ளை, சில்ஹெட் பிள்ளை எல்லாம் கணக்கில் வரும். வியட்நாம் பொடியன் ஒருவனின் பெயர் மட்டும் வராது என்றார்கள். அவன் கதவுப் பக்கம் நின்று, மற்றவர்கள் சத்தமாக வாசிப்பதை உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்ப்பான். நான் அவனைக் கூப்பிட்டு உட்கார்த்தினேன், பெயரை எழுதாமல். எதனால் எழுத முடியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொதுநலவாயம் என்ற அந்தச் சொல் எங்களையும் எல்லா இடத்திலும் காக்கவில்லை. இந்தக் குழு அறிக்கை வந்த அதே 1985இல், மே மாதம், இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது.

2024 பெப்ரவரி 15, வியாழன்

பைலைத் திருப்பிக் கொடுத்தேன். பிரிவு 11 பற்றி இன்னும் இரண்டு பைல் கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எடுத்து வைப்பார்கள்.