ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன் சிஸ்டர்

ஐசியுவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்தக் கதவருகே தினமும் என் காதில் விழுந்த பேச்சு இது. மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரைதான் பார்வையாளர் நேரம், ஒரு பாஸுக்கு ஒருவர். மற்ற நேரத்தில் விடுவதும் விடாததும் ட்யூட்டியில் இருப்பவரின் மனசைப் பொறுத்தது. நான் விட்டிருக்கிறேன், விரட்டியும் இருக்கிறேன்.

நிமோனியாவோடு வந்த ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மூக்கில் இருந்த டியூபைப் பிடுங்கிவிட்டு, "பஸ் போயிடும், விடுங்க" என்று எழப் பார்த்தார். டாக்டர் சொன்னபடி இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினேன். வெளியே காரிடாரில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மகள் உள்ளே வரக் கேட்டார், மறுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு மனசு கேட்காமல் நானே போய்க் கூப்பிட்டேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்காலைத் தேய்த்தபடி, "பஸ் இன்னும் வரலப்பா. வந்ததும் எழுப்பறேன், படுங்க" என்றார். பெரியவர் கண்ணை மூடினார். ஒரு கைக்கட்டை அவிழ்த்தேன், கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை. மணிக்கட்டில் துணியின் பின்னல்கூடச் சிவப்பாகப் பதிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு அவர் இறந்தார். மகள் கதவுக்கு வெளியே இருந்தார். அன்று எனக்கு ட்யூட்டி இல்லை.

அதனால்தான் ஐசியுவில் இருப்பவரை வீட்டார் போய்ப் பார்க்கச் சட்டம் வேண்டும் என்கிறேன். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உண்டு. பில் தகராறைக் காட்டி இறந்தவர் உடலைத் தராமல் இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. நல்ல விஷயம். ஆனால் உயிரோடு இருக்கும்போது போய்ப் பார்க்கும் உரிமை அந்தப் பதினேழில் இல்லை.

இங்கிலாந்தில் டிமென்ஷியா என்ற மறதி நோய் இருந்த ஜான் ஜெரார்ட் என்ற டாக்டர், கால் புண்ணுக்காக ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டார் வருவதற்குக் கட்டுப்பாடு. திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை. அவர் இறந்த 2014இலேயே மகள் நிக்கி ஜெரார்டும் தோழி ஜூலியா ஜோன்ஸும் இயக்கம் தொடங்கினார்கள். 2024 ஏப்ரல் 6 முதல் அங்கே விதியே வந்துவிட்டது: அசாதாரணச் சூழ்நிலை தவிர, ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் பார்வையாளரைத் தடுக்கக்கூடாது. நம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுகளில் அம்மாவோ அக்காவோ கூடவே இருக்க அனுமதித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரசவ வார்டில் முடிந்தது ஐசியுவில் ஏன் முடியாது?

கூட வேலை பார்த்தவர்கள் இன்ஃபெக்‌ஷன் வரும் என்றார்கள். பிரேசிலில் 36 ஐசியுக்களில் தினம் 12 மணி நேரம் வரை உறவினரை இருக்கவிட்டுப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் மனக்குழப்பம் பெரிதாகக் குறையவில்லைதான். ஆனால் தொற்று கூடவில்லை, வீட்டாரின் பதற்றம் குறைந்தது. இன்னொரு பயம், ஆத்திரத்தில் உறவினர் கை ஓங்குவது. அது பொய்யான பயம் இல்லை, எனக்கே நடந்திருக்கிறது. அதற்கு 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாள் கணக்கில் காத்திருப்பவருக்குத்தான் ஆத்திரம் அதிகம் வரும்.

சுகாதாரத் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். அதில் கேட்பது இதுதான்: நோயாளியே குறிப்பிடும் ஒருவர் எந்த நேரமும் வரலாம். அவசர சிகிச்சை நடக்கும்போது வெளியே நிற்கட்டும், சரி. மற்றபடி மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இதுவரை கையெழுத்திட்டவர்களில் ஐசியு நர்ஸ்களே அதிகம்.