‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதுவதற்கு முன்

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாததால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் பரம்பரை நோய். அந்தக் குழந்தைகளின் கேஸ் ஷீட்டில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. எழுத அரை நிமிடம் ஆகும். அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் மேல் அது பல வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரிக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்று அளந்து சொல்வதுதான் நடத்தை அறிவியல் ஆய்வாளரின் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் இந்த வேலைக்கு வரும் சமூகப்பணி, உளவியல், நர்சிங் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இரும்புக் கணக்கு மனசில் பதிய வேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 15 மி.லி. வீதம் 300 மி.லி. சிவப்பணு ஏற்றுகிறோம். ஒரு மி.லி.யில் சுமார் 0.65 மி.கி. இரும்பு. ஒரு தடவைக்கு 195 மி.கி., வருஷத்துக்கு 13 தடவை என்றால் 2,500 மி.கி.க்கும் மேல். ஒரு நாளைக்குப் பிரித்தால் 7 மி.கி. உடம்பு தானாக வெளியே தள்ளுவது பெரியவர்களுக்கே தினம் 1 மி.கி. அளவுதான். பெரியவர் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம். அதனால்தான் 10 முதல் 20 தடவை ரத்தம் ஏற்றியதும், அல்லது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்த அளவு 1,000 (நானோகிராம்/மி.லி.) தாண்டியதும், இரும்பு நீக்கும் மருந்தைத் தொடங்குகிறார்கள். தினமும் வந்து சேரும் இந்த 7 மி.கி., விட்டுப்போன ஒவ்வொரு நாளும் கல்லீரலிலும் இதயத்திலும் தங்கிவிடுகிறது.

இது பிற்காலத்துச் சிக்கல் மட்டுமல்ல. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் குழந்தையின் ஆபத்தை மதிப்பிடும் பெசாரோ முறையில் மூன்று விஷயங்கள் பார்ப்பார்கள்: கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்த வரலாறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. வயது 7 அல்லது அதற்கு மேல், கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்று இரண்டும் சேர்ந்த குழந்தைகளே மிக ஆபத்தான பிரிவு என்று காட்டியது. ஆக, நாலு வயதில் மாத்திரை ஏன் விட்டுப்போனது என்ற கேள்விதான், எட்டு வயதில் அந்தக் குழந்தைக்கு எந்த சிகிச்சை பாதுகாப்பாகக் கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. ஏற்றத்தாழ்வு அங்கேயே விதைக்கப்பட்டு விடுகிறது.

இப்போது மாத்திரையைக் கிட்டத்தில் பார்ப்போம். அதே 20 கிலோ குழந்தைக்குத் தண்ணீரில் கரைக்கும் டெஃபெராசிராக்ஸ் என்ற இரும்பு நீக்கும் மாத்திரை கிலோவுக்கு 30 மி.கி. வீதம் என்றால் தினம் 600 மி.கி.: ஒரு 400, இரண்டு 100. சுமார் 100 மி.லி. தண்ணீரில் போட்டு, கட்டியில்லாமல் கலக்கி, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். மருந்து முழுதாகக் கரையாது. மாவு மாதிரி அடியில் தங்கும். அதனால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டம்ளரைச் சுழற்றி, அதையும் குடிக்க வைக்க வேண்டும். பாலில் கலக்கக் கூடாது, சோடாவும் ஆகாது. மாத்திரையைக் கடிக்கவோ அப்படியே விழுங்கவோ கூடாது.

இதில் எத்தனை இடத்தில் வழுக்கும் என்று பாருங்கள். அடியில் தங்கியதை ஊற்றிவிட்டால் மருந்தின் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. வீட்டில் எல்லாரும் ‘தினமும் கொடுத்தோம்’ என்று சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. 100 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு போவதால் அது முதலில் தீரும். பிறகு 400 மட்டும் கொடுப்பார்கள். நாள் கணக்கில் 100 சதவீதம், மருந்தின் அளவில் 67 சதவீதம். கடைக்காரர் படலம் பூசிய மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் வேறு ஆபத்து: அதற்கு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்த அளவு போதும், பழைய மி.கி. கணக்கிலேயே கொடுத்தால் சிறுநீரகமும் கல்லீரலும் அடிவாங்கும். அதனால் படிவத்தில் மருந்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்த வகை, எந்த மி.கி., ஒவ்வொன்றும் எத்தனை கையில் இருக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

நேரம் இன்னொரு முடிச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் அம்மாக்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடிந்ததும் கிளம்புகிறார்கள். பிள்ளையை எழுப்பி அனுப்புவது ஆயா, அதாவது பாட்டி. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் சாப்பாடு பள்ளியில்தான் என்ற வீடுகள் நிறைய. நல்ல திட்டம், ஆனால் ‘சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு’ என்றால் எப்போது என்பதை அந்த வீட்டின் காலையை வைத்துத்தான் சொல்ல முடியும். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டது அம்மா, கலக்கிக் கொடுப்பது ஆயா. விளக்கம் ஆயாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பேட்டிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

எப்படிக் கேட்பது? ‘தவறாம போடுறீங்களா?’ என்று கேட்டால் ‘போடுறோம் சார்’ என்ற பதில்தான் வரும். வேறு எந்தப் பதிலும் திட்டு வாங்கித் தரும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் தவறுவது சகஜம் என்று நாமே சொல்ல வேண்டும்: ‘தினமும் கலக்கிக் குடுக்கறது கஷ்டம்தான்க்கா, எல்லா வீட்லயும் ரெண்டு நாள் விட்டுப்போவுது. போன வாரம் எந்தெந்த நாள் முடியல?’ எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ‘எப்போதும், பெரும்பாலும், சில சமயம்’ என்ற ஐந்து கட்ட அளவுகோல் உதவாது. ஏழு புளியங்கொட்டையை முன்னால் வைத்து, கொடுத்த நாளை ஒரு பக்கம், விட்ட நாளை இன்னொரு பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். விட்ட ஒவ்வொரு கொட்டைக்கும் ‘அன்னிக்கு என்னா ஆச்சு?’ என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் ஆய்வின் உயிர்.

மாத்திரை எண்ணுவதும், மருந்து வாங்கிய தேதியை வைத்துக் கணக்கிடுவதும் கூடவே வேண்டும். 30 நாள் மருந்து வாங்கியவர் 40-ஆம் நாள் வந்தால் 75 சதவீதம். ஆனால் நடுவில் வாந்திபேதி வந்து ஐந்து நாள் நிறுத்தியிருந்தால்? உடம்பில் நீர் வற்றும்போது இந்த மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்பதுதான் சரி. அந்த ஐந்து நாளைக் கழித்தால் 35-க்கு 30, அதாவது 86 சதவீதம். சரியாக நடந்துகொண்ட தாயைக் கணக்கு தண்டிக்கக் கூடாது. ஃபெரிட்டினை மட்டும் வைத்து நடத்தையை முடிவு செய்வதும் தவறு. காய்ச்சல், தொற்று, கல்லீரல் அழற்சி எல்லாவற்றிலும் அது ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகளின் போக்கைப் பாருங்கள்.

ரத்தம் ஏற்றும் நாளின் செலவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘மாச வருமானம் எவ்ளோ?’ என்பது பயனற்ற கேள்வி. குடியாத்தம், பேரணாம்பட்டில் பீடி சுற்றும் வீட்டில், அன்றைக்கு எத்தனை பீடி சுற்ற முடியாமல் போனது என்று கேளுங்கள், கணக்கு துல்லியமாக வரும். பஸ், சாப்பாடு, தங்கல், போன கூலி, வாங்கிய கடனின் வட்டி ஐந்தையும் தனித்தனியாக எழுதுங்கள். நகை அடகில் இருக்கிறதா, குழு லோன் கட்டும் கிழமையும் ஆஸ்பத்திரி நாளும் மோதுகிறதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கை கொடுக்கும். போன கூலியைத் தராது. தலசீமியா நோயாளிக்கு ரத்தத்துக்கான பரிசோதனைக் கட்டணம் வாங்கக் கூடாது, பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வா என்று கேட்கவும் கூடாது. அப்படியும் கேட்டார்களா என்று விசாரித்துப் பதிவு செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி ரத்ததான முகாம்கள் நின்றுபோகும்போது இந்தப் பதில்கள் மாறும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் இருக்கின்றன. சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்களா, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதும் கேட்க வேண்டியதே.

யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. டே கேர் வார்டில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டால், வந்து சேர முடிந்தவர்களின் கதைதான் கிடைக்கும். பதிவேட்டை எடுத்து, கடைசியாக வந்து 60 நாள் தாண்டியவர்களின் பட்டியலை முதலில் தயார் செய்யுங்கள். கொடுத்த போன் நம்பர் சித்தப்பாவுடையதாக, பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். நோயின் பெயரைப் போனில் சொல்லாதீர்கள்; பெண் குழந்தை என்றால் அந்த ஒரு வார்த்தை கல்யாணம் வரைக்கும் பின்தொடரும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலை ஊர்களுக்கு நேரில்தான் போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுவில் கேட்க ஆள் வேண்டும். 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த சித்தூரிலிருந்து வருபவர்களுக்குத் தூரம் குறைவு, ஆனால் கையில் இருப்பது ஆந்திரக் காப்பீட்டு அட்டை. கிலோமீட்டரை மட்டும் அளந்தால் அந்தக் குடும்பம் வசதியானதாகத் தெரியும்.

கிடைத்த காரணங்களுக்குத் தகுந்த மாதிரிதான் தீர்வு. மறதி என்றால் போன் நினைவூட்டல் உதவும். 100 மி.கி. முன்னாலேயே தீர்ந்துபோகிற வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி என்ன ஆகும்? இரண்டு அளவு மாத்திரையும் ஒரே நாளில் தீரும்படி எண்ணிக் கொடுக்க வேண்டும், கூடுதலாக ஏழு நாள் மருந்தோடு. ஆயாவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒருமுறை கலக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ‘கவுன்சலிங் கொடுத்தோம்’ என்று எழுதி முடித்துக்கொள்ளும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அறிவு குறைவாக இருந்த வீடுகளுக்கு மட்டுமே அது மருந்து.

கடைசியில் புள்ளியியல். வருமானம், தூரம், அம்மாவின் படிப்பு எல்லாவற்றையும் புள்ளியியல் மாடலில் போட்டு, அவற்றின் தாக்கத்தைக் கழித்துச் சரிக்கட்டினால், மலை ஊர்க் குழந்தைக்கும் டவுன் குழந்தைக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்துவிடும். காகிதத்தில் சமத்துவம் வந்த மாதிரி இருக்கும். சரிக்கட்டாத வித்தியாசத்தை முதல் அட்டவணையில் அப்படியே போடுங்கள். பிறகு ஒவ்வொரு காரணமாகச் சேர்த்து, எதைச் சேர்க்கும்போது இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டுங்கள். கூலி இழப்பைச் சேர்த்ததும் பாதி இடைவெளி மறைந்தால், எங்கே பணம் போட வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்பதற்கு அந்த வரிசையே ஆதாரம்.