ஊட்டிக் குளிரும் பாப்பாவின் ராத்திரி உடுப்பும்

டிசம்பர் 6, சனி

அம்மா மதுரையிலிருந்து வந்து இறங்கியதுமே பெட்டியைத் திறந்து கடை விரித்துவிட்டாள். கம்பளி ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, கையுறை, காலுறை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்த ஒரு ரஜாய். பாப்பாவுக்கு மூன்று மாதம்கூட நிறையவில்லை. அத்தனையும் ஒரே ராத்திரிக்காம். மார்கழி பிறந்தால் மதுரையிலேயே மஃப்ளர் கட்டுகிற குடும்பம் எங்களுடையது, அவளைச் சொல்லி என்ன செய்ய?

பாப்பாவின் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்குடி!" என்று பதறினாள். அத்தை இதே ஊட்டியில், காந்தலிலேயே பிறந்து வளர்ந்தவர். அலட்டிக்கொள்ளவே இல்லை. "சம்பந்தியம்மா, சின்னப் புள்ளைக்குக் கை சில்லுன்னுதான் இருக்கும். பின்கழுத்தத் தொட்டுப் பாருங்க" என்றார். அங்கே வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தது.

குழந்தை டாக்டர் சொன்னதும் இதையேதான். இந்த வயதில் ரத்த ஓட்டம் உள்ளுறுப்புகளுக்குத்தான் முதலில் போகும். கை கால் கடைசி வரிசை. அதனால் விரல் சில்லிட்டிருப்பதை வைத்துக் குளிரைக் கணக்குப் போட முடியாது. பின்கழுத்து அல்லது நெஞ்சு, இரண்டில் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்று, சில்லென்றிருந்தால் ஒன்று கூட்டு.

டிசம்பர் 9

சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியாயிற்று. ராத்திரி பத்து மணிக்கு 16 டிகிரி காட்டுகிறது. விடியற்காலை நாலு மணிக்குப் பால் கொடுக்க எழும்போது 12. பழைய ஓட்டு வீடு, ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். ஆக, படுக்க வைக்கும்போது போடுகிற உடுப்பு நாலு மணிக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.

இப்போதைக்கு வழக்கம் இது. உடம்போடு ஒட்டி முழுக்கை பருத்திப் பனியன். அதன் மேல் பாதம் வரை மூடுகிற பருத்தி உடுப்பு. ரொம்பக் குளிர்ந்தால் நடுவில் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று. கடைசியாகக் குழந்தையைக் கழுத்து வரை உள்ளே விட்டு மூடுகிற பை, அதாவது ஸ்லீப்பிங் பேக். கம்பளி நேராகத் தோலில் பட்டால் இவளுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிடுகிறது. பாலியெஸ்டர் ஃப்ளீஸ் வியர்வையை உறிஞ்சாது. உள்ளே பருத்தி என்பதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஸ்லீப்பிங் பேக் அட்டையில் 'டாக்' என்று ஒரு எண் போட்டிருக்கும். துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அளவு அது. 20 டிகிரிக்கு மேலே உள்ள அறைக்கு 1 போதும், 16 முதல் 20 வரை 2.5. எங்களிடம் இருப்பது 2.5. அறை 16க்கும் கீழே இறங்கும்போது உள்ளே ஒரு அடுக்கு கூட்டிக்கொள்கிறோம். வாங்கும்போது பார்க்க வேண்டியது கழுத்து வளையத்தை. தலை உள்ளே நழுவிப் போகிற அளவுக்கு அகலமாக இருக்கக் கூடாது, பின்னால் தொப்பியும் தொங்கக் கூடாது. வளர்ந்த பிறகும் போடலாமே என்று பெரிய சைஸ் வாங்குகிற நம் ஊர்ப் பழக்கம் இதற்கு மட்டும் ஆகாது.

ரஜாய் அலமாரிக்குள் போய்விட்டது. அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் பாப்பா காலை உதைத்தால் ரஜாய் மூஞ்சிக்கு ஏறுகிறது, அதைத் தள்ளிவிட அவளுக்குத் தெரியாது. தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென இறந்துபோவதற்கு முகம் மூடிக்கொள்வதும் உடம்பு அதிகமாகச் சூடாவதும் காரணமாகலாம் என்கிறார்கள். பிரிட்டனில் 1991ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள், அதிகமாகப் போர்த்தாதீர்கள் என்று பெரிய பிரசாரமே நடத்தினார்கள். அந்த மரணங்கள் அதன்பிறகு மளமளவென்று குறைந்தன. குல்லாவும் இதே காரணத்தால் வீட்டுக்குள் தூங்கும்போது கிடையாது. உடம்பில் கூடுகிற சூடு வெளியேற அவளுக்குத் தலைதான் முக்கியமான வழி. வெளியே தூக்கிப் போகும்போது தாராளமாகப் போடட்டும்.

டிசம்பர் 12

பக்கத்து வீட்டு அக்கா கையால் பின்னிய காலுறை கொடுத்தார். அழகோ அழகு. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முடிச்சுகளில் நூல் பிசிறு தொங்குகிறது. இந்த நூலோ, பிரசவத்துக்கு அப்புறம் எனக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகிக்கொண்டால் விரல் வீங்கி, ரத்த ஓட்டமே நின்றுவிடும். காலுறைக்குள் இருப்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது, பாப்பா எதற்கு வீறிடுகிறாள் என்று வயிற்றுவலி மருந்தைத் தேடிக்கொண்டிருப்போம். பிசிறுகளை ஒட்ட நறுக்கினேன். எது போட்டாலும் இனி உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான். கழற்றும்போது விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தும் பார்க்கிறேன்.

மூடுபனி விலகவே இல்லை. கொடியில் போட்ட துணி நாள் முழுக்கக் கிடந்தும் ஈரம் போகாததால் பனியனுக்கெல்லாம் இஸ்திரிப் பெட்டிதான்.

டிசம்பர் 17, புதன்

பதினாலாவது வாரத் தடுப்பூசி. சாயங்காலம் உடம்பு கதகதவென்று ஆனது, டாக்டர் எடைக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்த பாரசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்தோம். காய்ச்சல் என்றதும் அம்மா கம்பளியை எடுத்து வந்தாள். இந்த ஒரு ராத்திரி வழக்கத்துக்கு நேரெதிராகச் செய்ய வேண்டும் என்று சொல்லி ஸ்வெட்டரைக் கழற்றினேன். காய்ச்சல் உடம்பைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கும். அம்மா என்னோடு பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். விடியும்போது பாப்பா உடம்பு சரியாகிவிட்டது, அம்மாவும்.

டிசம்பர் 24

உறைபனி விழுந்துவிட்டது. காலையில் குதிரைப் பந்தய மைதானம் உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. தலைகுந்தா பக்கம் இன்னும் மோசம் என்றார் பால்காரர்.

ராத்திரி அத்தை பழக்கதோஷத்தில் சட்டியில் கரி நெருப்பு போட்டுக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரைக் குழந்தையாக இருந்தபோது அப்படித்தான் வளர்த்தாராம். அத்தை சொன்னால் நான் பெரும்பாலும் கேட்பேன், ஆனால் இதற்கு மட்டும் முடியாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, புகை இல்லாத கங்கிலும் வரும், தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். மலையில் குளிருக்கு நெருப்பு மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் செத்துப்போன செய்தி பேப்பரில் வராத குளிர்காலம் குறைவு. "அந்தக் காலத்துல பொக்க பொக்கயா இடுக்கு இருந்துச்சு, காத்து போச்சு. இப்ப எல்லாத்தையும் அடச்சு வெச்சிருக்கீங்க" என்று அத்தையே சட்டியைத் திண்ணைக்குத் தூக்கிப் போனார். மிச்சமிருக்கிற இடுக்கை அடைக்கலாம் என்று இவர் போட்டிருந்த திட்டமும் அதோடு போயிற்று. ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்கி, தொட்டிலிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம். அறை 17ல் நிற்கிறது. நடு ஸ்வெட்டருக்கு வேலை இல்லை.

ஜனவரி 4

ஒருக்களித்துப் புரளப் பார்க்கிறாள்! இதுவரை பகல் தூக்கத்துக்கு அம்மா பழைய பருத்திப் புடவைத் துணியில் கையோடு சேர்த்துச் சுற்றிப் படுக்க வைப்பாள், அயர்ந்து தூங்கும். இனி அது கூடாது. குப்புற விழுந்தால் கையை ஊன்றித் தலையைத் திருப்ப வழி வேண்டும். இரண்டு நாளாகப் பகலில் கை வெளியே இருப்பது பிடிக்காமல் தன்னைத் தானே அடித்துக்கொண்டு எழுகிறாள், நாங்களும் ஓடுகிறோம். வேறு வழியில்லை.

ஜனவரி 12

பொங்கலுக்கு மதுரை. முந்தியே ஊருக்குப் போய்விட்ட அம்மா காலையிலிருந்து போன்: ஸ்வெட்டரை மறந்துடாதே. அங்கே இப்போது ராத்திரி 20 டிகிரியைச் சுற்றி இருக்கும். கையில்லாத ஜபலாவும் மெல்லிய பருத்தி உடுப்பும் போதும், ஸ்லீப்பிங் பேக்கை எடுக்கவே இல்லை. மலை இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தி மேலுடுப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் நனைந்துதான் ஊர் போய்ச் சேருவாள். அம்மாவுக்காக ஒரே ஒரு ஸ்வெட்டர் பையில் வைத்திருக்கிறேன். அங்கே புதிதாக இன்னொன்று பின்னி முடித்துவிட்டாளாம், குல்லாவோடு சேர்த்து.