கரையான் தின்ன வால்யூம்

எங்க வீட்டுப் பரண்ல தாத்தா பைண்டு பண்ணி வெச்ச பொன்னியின் செல்வன் இருக்கு, கல்கி எழுதின சோழர் கால நாவல். 1950லேருந்து 54 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்தத கிழிச்சு சேத்து கும்பகோணத்துல குடுத்து தெச்சு வாங்கினது, ஓவியர் மணியம் வரஞ்ச படமெல்லாம் அப்படியே இருக்கும், பக்கத்த தொட்டா அப்பளம் மாதிரி உதிரும். பத்தாவது லீவுல படிச்சேன். கடைசி வால்யூம்ல, கரெக்டா கடம்பூர் மாளிகைல சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகுற எடத்துல ஒரு கொத்துப் பக்கம் கரையான் தின்னுருச்சு. கொன்னது யாருன்னு தெரியாமயே ரெண்டு வருஷம் கெடந்தேன், அப்பாகிட்ட கேட்டா "நீயே படிச்சுக்கோ"ங்கறார்.

காலேஜ் போனதும் மொத வேலையா புது செட்டு வாங்கி நேரா அந்த அத்தியாயத்துக்குப் போனா, அதுலயும் இல்லங்க! பெரிய பழுவேட்டரையர் நான்தான் காரணங்கறார், நந்தினி இருக்கா, பழி என்னவோ வந்தியத்தேவன் மேல. கல்கி வேணும்னே மூடி வெச்சுட்டுப் போயிருக்கார், நான் பாவம் கரையான திட்டிட்டு இருந்திருக்கேன்.

அந்தக் கடுப்புல ஒரு ஞாயித்துக்கெழம ஃப்ரெண்டோட வண்டிய எடுத்துட்டு அணைக்கரை பாலம் தாண்டி காட்டுமன்னார்கோயில் போனேன். அங்க உடையார்குடி அனந்தீஸ்வரன் கோயில் சுவத்துல ஒரு கல்வெட்டு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் வருஷத்துதுன்னு சொல்றாங்க. கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரே போட்டு, அவங்க சொந்தக்காரங்க நெலம் வரைக்கும் பறிமுதல் பண்ணின கணக்கு. எழுத்து எனக்கு ஒண்ணும் புரியல, குருக்கள் கைய காட்டி இதான்னார், கல்லு மேல எண்ணெப் பிசுக்கு. அங்கேருந்து கொஞ்ச தூரத்துலதான் வீராணம் ஏரி, அதாவது ஆடிப்பெருக்கன்னிக்கு வந்தியத்தேவன் குதிரைல வர்ற மொத சீன். கத ஆரம்பிக்கற எடத்துக்குப் பக்கத்துலயே பதில் ஆயிரம் வருஷமா கல்லுல கெடக்கு!

சரித்திரக் கதைன்னா எனக்கு இந்த மாதிரி இருக்கணும். கல்வெட்டுல ரெண்டு வரி, அதுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல எழுதறவர் எறங்கணும். பிரபஞ்சனோட மானுடம் வெல்லும் அந்த ரகம், பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ்கிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை டைரிதான் அடிப்படை. ராஜாவ விட சந்தைல நிக்கறவன், தேவதாசி, பஞ்சத்துல புள்ளய விக்கறவன்னு போகும். 1739ல காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன காலம், நமக்கு பஸ்ல ஒண்ணர மணி நேரம், ஆனா அந்தப் பக்கம் போறவங்க எல்லாம் வேற சாமான் வாங்கத்தான் போறாங்க, விடுங்க.

டிவின்னா நம்ம சேனல் சரித்திர சீரியல் எதுவும் நான் சொல்ல மாட்டேன், தூங்கறப்பவும் ஒட்டியாணம் போட்டுருப்பாங்க, ஒரு வசனத்துக்கு மூணு இடி. அதுக்கு பிபிசில 2015ல வந்த உல்ஃப் ஹால் பாருங்க, மொத சீசன் ஆறே எபிசோடு, ஹிலரி மான்டல் நாவல், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட மந்திரி தாமஸ் க்ராம்வெல் கத. ஹென்றி பொண்டாட்டி ஆன் பொலினோட தல 1536ல போச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆனாலும் கடைசி எபிசோடுல எனக்கு கை வேர்த்துது. ராத்திரி சீனெல்லாம் மெழுகுவத்தி வெளிச்சத்துலயே எடுத்துருக்காங்க, கஜா புயலப்போ நாங்க கரண்ட் இல்லாம உக்காந்திருந்த மாதிரி பாதி மூஞ்சிதான் தெரியும், மறு பாதில க்ராம்வெல் என்ன நெனைக்கறான்னு நாமதான் தேடணும். நாவல் இங்கிலீஷ்ல படிக்க கஷ்டந்தான், "அவன்"னா எவன்னே மொத நூறு பக்கம் புரியாது, அதனால சீரியல் பாத்துட்டு புக்க எடுங்க. ஜப்பான் சரித்திர சீரியல் ஷோகுன், 2024ல வந்ததும் நல்லாருக்கு, ஜப்பான்காரங்க ஜப்பானீஸ்லயே பேசறாங்க, அதுக்கே பாக்கலாம்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பொன்னியின் செல்வன் படம் பாத்துட்டு வந்து, புக்குல கரிகாலன கொன்னது யாரு அக்கான்னு கேட்டான். தாத்தாவோட கடைசி வால்யூமத்தான் குடுத்து அனுப்பிருக்கேன்.