சின்னப் பாட்டி வெத்தல அடக்குன கன்னத்துல ஆரம்பிச்ச என் பிஎச்டி

எனக்கு ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், பொறந்தது தோட்டத்து லயத்துல, இப்போ டவுன்ல தாமான் வீட்ல இருக்கோம். வாய்ப் புற்றுநோய பத்தின என் பிஎச்டிக்கு ஆறு வருசம் ஆச்சு, போன மாசந்தான் வைவா (தீசிஸ பத்தி நேர்ல கேள்வி கேக்கற கடைசிப் பரீட்ச) முடிஞ்சிது. நம்ம தமிழ்ப்பள்ளியில படிச்ச தங்கச்சிங்க ரெண்டு மூணு பேரு "அக்கா நீங்க என்ன படிச்சீங்க, எப்படி முடிச்சீங்க"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் எழுதறேன்.

பாட்டியோட தங்கச்சி, எங்களுக்கு சின்னப் பாட்டி, நாப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. காலையில நிரைக்கு (மர வரிசைக்கு) போறப்பவே வெத்தல பாக்கு சுண்ணாம்பு பொயல எல்லாம் மடிச்சு இடது கன்னத்துல அடக்கிக்குவாங்க, பசியாறுற வரைக்கும் அது அங்கயே இருக்கும். அவங்களுக்கு புத்துநோய் வந்ததும் அதே கன்னத்துலதான். மலேசியாவுல வாய்ப் புற்றுநோய் மத்த இனத்தவங்கள விட நம்ம இந்தியர்கள்கிட்ட ரொம்ப அதிகம், பொயல சேக்காத வெத்தலப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே அறிக்கை போட்டுடுச்சு. இது எனக்கு காலேஜ் போனப்புறந்தான் தெரியும்.

ஆராய்ச்சி என்னன்னா, புத்துக் கட்டி ஒரே மாதிரி செல்லுங்களோட உருண்ட கிடையாது. ஒரு செல்லுல ஆரம்பிச்சு அதோட வாரிசுங்க மாறி மாறி, பொழைக்கத் தெரிஞ்சது பெருகும்னு பீட்டர் நோவெல்ங்கற புற்றுநோய் ஆய்வாளர் 1976ல எழுதினாரு. அதுக்கும் முன்னாடி 1953ல ஸ்லாட்டர்னு ஒரு டாக்டர் வாய்ப் புத்த பாத்துட்டு, கட்டிய சுத்தி நல்லா இருக்கற மாதிரி தெரியற தோலும் ஏற்கனவே கெட்டுப்போன நெலந்தான்னு சொன்னாரு. அந்த மாறுன செல்லு எங்க இருக்கு, எதுக்குப் பக்கத்துல இருக்கு, எப்படிப் பரவுச்சுங்கறதுதான் என் கேள்வி. பழைய முறையில சதைய அரைச்சு மொத்தமா படிப்பாங்க. என் சொந்தப் பாட்டிக்கு, அதான் சின்னப் பாட்டியோட அக்காவுக்கு, நான் இப்படித்தான் சொன்னேன்: எல்லா மரத்து மங்குல (பால் விழற கிண்ணத்துல) இருந்தும் பால எடுத்து ஒரே தோம்புல ஊத்திட்டு, அப்புறம் எந்த நிரையில எந்த மரத்துக்கு சீக்குன்னு கேட்டா எப்படித் தெரியும்? அவங்க ஒடனே புரிஞ்சிக்கிட்டாங்க.

நாங்க பயன்படுத்துனது விசியம்ங்கற கண்ணாடி ஸ்லைடு. 6.5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள்ள 4,992 புள்ளி, ஒவ்வொண்ணும் 55 மைக்ரான் அகலம், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி பார்கோடு (அடையாளக் குறி). மேல மெல்லிசா வெட்டுன சதைய வச்சா எந்த புள்ளியில எந்த ஜீன் வேல செய்யுதுன்னு அட்ரஸோட கெடைக்கும்.

மொத வருசம் நோயாளிங்க சதைய ஆராய அனுமதி கேக்கற எதிக்ஸ் பேப்பர்லயே போச்சு, அத விரிவா சொல்லல. ஆனா சம்மதப் படிவம் தமிழ்லயும் இருக்கணும்னு நான் பிடிவாதமா நின்னேன், அது வீண் போகல. ஒரு பாட்டி படிச்சுக் காட்டச் சொல்லி முழுசா கேட்டுட்டு "இதால எனக்கு ஏதும் கொணமாகுமா ஆயி?"ன்னாங்க. இல்ல பாட்டி, உங்களுக்கு ஆகாது, பின்னாடி வர்றவங்களுக்கு ஒருவேளை ஆகலாம்னு உண்மைய சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு கைநாட்டு வச்சாங்க.

ரெண்டாவது வருசம் பெரிய அடி. பழைய பாரஃபின் ப்ளாக்குங்கள (மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டுங்கள) எடுத்து வேல ஆரம்பிச்சேன், எந்த ஜீன் வேல செய்யுதுன்னு காட்டற ஆர்என்ஏ பூரா தூள் தூளா ஒடஞ்சி கெடந்துச்சு. 200 எழுத்துக்கு மேல நீளமான துண்டு எத்தன சதவீதம்னு மொதல்லயே பாத்திருக்கணும், நான் அவசரத்துல ரெண்டு ஸ்லைடு ஓட்டிட்டுத்தான் பாத்தேன், ஒரு ஸ்லைடுக்கு ஆகற செலவுல புது மோட்டோரே வாங்கிடலாம். தங்கச்சிங்களா, ப்ளாக்க பரிசோதிக்காம ஸ்லைட தொடாதீங்க. அதுக்கப்புறம் ஆப்பரேஷன் நடக்கற நாளுல நானே வாசல்ல காத்திருந்து சதைய வாங்கி நேரம் குறிச்சு, சதை கெடாம வைக்கற ஃபார்மலின்ல போட ஆரம்பிச்சேன், பெருநாள் லீவு வந்தாலும் கூடுதலா ஊற விடல.

நாலாவது வருசத்துல டேட்டா வந்துச்சு. குரோமோசோம்ல (ஜீனுங்க வரிசையா இருக்கற டிஎன்ஏ இழையில) பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஜீனுங்களோட வேல எல்லாம் சேந்து ஏறி இருந்தா அந்த குரோமோசோம் துண்டு கூடுதலா இருக்குன்னு யூகிக்கலாம். எனக்கு கட்டியோட நடுவுல ஒரு தீவு மாதிரி, ஒண்ணாம் குரோமோசோம்ல 1க்யூ21ங்கற பகுதி பளிச்சுனு ஏறி இருந்துச்சு. புது கிளை (மாறுன செல்லோட தனி வாரிசுக் கூட்டம்) கெடச்சிருச்சுன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மறுநாள் நோயியல் டாக்டர்கிட்ட ஓடுனேன், அவங்க மைக்ரோஸ்கோப்புல அதே எடத்த வச்சு என்னைய பாக்க சொன்னாங்க: வெங்காயத் தோல் மாதிரி சுத்தி சுத்தி ரோஸ் கலர் வளையம், முதிர்ந்த செல்லுங்க உருண்டு சேந்த கெரட்டின் முத்து. தோல் முதிர்றப்ப வேல செய்யற ஜீனுங்க கூட்டமா 1க்யூ21லதான் உக்காந்திருக்கு, செல்லு முதிர்ந்தா அது எல்லாம் சேந்து ஏறும், டிஎன்ஏல ஒண்ணும் மாறியிருக்காது. அதே மாதிரி நோய் எதிர்ப்பு செல்லுங்க நெறைய வந்து மொய்ச்சா ஆறாவது குரோமோசோம் ஏறுன மாதிரி காட்டும். அழுகை வந்துச்சு. ஆனா அந்த அரை மணி நேரந்தான் என் தீசிஸ காப்பாத்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு கிளையையும் லேசர்ல வெட்டி எடுத்து டிஎன்ஏவ நேரா படிச்சு சரிபாத்தேன். 1க்யூ பொய்யாப் போச்சு. ஆனா கட்டிக்கு வெளிய, கண்ணுக்கு நல்லா தெரியற ஓரத்துத் தோல்ல ஒன்பதாம் குரோமோசோமோட குட்டைக் கை (அதோட சின்னப் பக்கம்) காணாமப் போயிருந்தது நெசம், ஆறு பேருல நாலு பேருக்கு. ஸ்லாட்டர் சொன்ன கெட்ட நெலம். வைவால ரெண்டரை மணி நேரத்துல முக்கால்வாசி இத பத்தித்தான் கேட்டாங்க. பொய்யா போன தீவையும் ஒரு அத்தியாயமா எழுதியிருந்தேன், நல்லவேளை எழுதுனேன்.

முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து என் சொந்தப் பாட்டிக்கு லேப்டாப்புல அந்தப் படத்த காட்டுனேன். கட்டி செவப்பு, ஓரத்துல மஞ்சப் புள்ளிங்க. அவங்க மஞ்சள தொட்டு "இது நல்ல எடமாச்சே"ன்னாங்க. பாக்கத்தான் நல்லா இருக்கு பாட்டி, உள்ள மாறிடுச்சுன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில பசியாறிட்டு இருக்கறப்ப தானாவே என் பக்கத்துல வந்து ஒக்காந்து வாயத் தொறந்து காட்டுனாங்க, இடது கன்னத்துக்குள்ள அஞ்சு காசு அளவுல ஒரு வெள்ளத் திட்டு, தேச்சாலும் போகல. பல் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன். கொஞ்சம் சதை எடுத்துப் பாக்க வர்ற வியாழக்கெழம தேதி குடுத்திருக்காங்க, நான்தான் காடி ஓட்டிட்டுப் போறேன்.