பிஸ்கட் டப்பாவில் இருந்த சம்பளக் கவர்கள்

அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ படிக்கும்போது பொருளாதார டீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கம் அமைப்புசார்ந்த துறை, அந்தப் பக்கம் அமைப்புசாராத் துறை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், பதிவு இருந்தால், இந்தப் பக்கம். பெட்டிக்கடை, கொத்தனார், வீட்டு வேலை எல்லாம் அந்தப் பக்கம். பரீட்சையில் 5 மார்க்.

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் வந்து, சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்து, ஒரு தையல் கூடத்தில் 3 வருடம் திரைச்சீலை தைத்தபோதுதான் அந்தக் கோடு எங்கள் ஓவர்லாக் மெஷினுக்கு நடுவாகவே போகிறது என்று தெரிந்தது. 9 மெஷின். அதில் நான் உட்பட 5 பேருக்கு வெள்ளிக்கிழமை பழுப்புக் கவரில் சம்பளம், மேலே பேனாவால் எழுதியிருக்கும்: சம்பளம் 1,200 ராண்ட், யூ.ஐ.எஃப். 12, கையில் 1,188. (யூ.ஐ.எஃப். என்பது வேலை போனால் கைகொடுக்கும் அரசுக் காப்பீட்டு நிதி.) மீதி 4 பேருக்குப் பீஸ் கணக்கு. கவரும் கிடையாது, பிடித்தமும் கிடையாது. என் பக்கத்து மெஷின்காரர், 50 வயது தாண்டிய ஜூலு அம்மா, அந்த நாலில் ஒருவர். எனக்கு ஜிப் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

தைத்த திரைச்சீலையே மலிவாக இறக்குமதியாகிறது என்று ஒரு நாள் முதலாளி எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "ப்ளூ கார்ட் குடுத்தானா?" அத்தை துணி ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து யூ.ஐ.எஃப். அட்டை அவருக்கு இன்னும் ப்ளூ கார்ட்தான். இப்போது அட்டை கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். சம்பளத்தில் நம் பங்கு 1 சதவீதம், முதலாளி பங்கு 1 சதவீதம். யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் முதலாளி யூ.ஐ.19 படிவத்தில் காட்ட வேண்டும். வேலை போனால் 12 மாதத்துக்குள் நாம் விண்ணப்பிக்க வேண்டும். நாமாக ராஜினாமா செய்தால் பொதுவாகக் கிடைக்காது; அதனால் யார் என்ன நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காலை 5 மணிக்கே லேபர் ஆபீஸ் வாசலில் வரிசை. அடையாளப் புத்தகம், வங்கி முத்திரை போட்ட படிவம் எல்லாம் கையில் இருந்தது. அதிகாரி என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். 36 மாதத்தில் 7 மாதக் கணக்குதான் இருந்தது. மீதி 29 மாதமும் என் கவரில் 12 ராண்ட் பிடித்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் காசு போய்ச் சேரவே இல்லை. பதிவுள்ள கடை, பதிவுள்ள ஆள், பிடித்தம்கூட உண்டு. டீச்சர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதாகத்தானே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

காப்பாற்றியது பேக்கர்ஸ் பிஸ்கட் டப்பா. சம்பளக் கவரைத் தூக்கிப்போட மனம் வராத கஞ்சத்தனம் எனக்கு, ஊரில் அம்மாவிடமிருந்து வந்தது. நூத்தைம்பதுக்குக் கொஞ்சம் கம்மி. வாரவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, நகல் எடுத்துக் கொடுத்தேன் (நகலுக்கு ஆன செலவு தனிக் கதை). ஆய்வாளர் கடைக்குப் போனார். முதலாளி முதலில் போனையே எடுக்கவில்லை, பிறகு எனக்கு போன் பண்ணி "உனக்கு நான் என்ன குறை வச்சேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நாலு மாத அலைச்சலுக்குப் பிறகு விடுபட்ட யூ.ஐ.19 எல்லாம் வந்து சேர்ந்தது.

கணக்கு இப்படி: 4 நாள் வேலைக்கு 1 நாள் உதவித்தொகை வரவு. 3 வருடத்துக்கு எனக்கு 273 நாள். சம்பளத்தில் 38லிருந்து 60 சதவீதம் வரை. சம்பளம் குறையக் குறைய சதவீதம் கூடும். எனக்கு நாளுக்கு 80 ராண்ட் சுமார் வந்தது. 238 நாளுக்குப் பிறகு அது 20 சதவீதமாக இறங்கிவிடும். நடுநடுவே போய், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்தும் போட வேண்டும்.

ஜூலு அம்மாவையும் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். மாதம் 24 மணி நேரமாவது ஒருவரிடம் வேலை பார்த்தால் பீஸ் கணக்குக்காரரும் இதில் வருவார் என்று அதிகாரியே சொல்லியிருந்தார். அந்த அம்மா வரவில்லை. "ஆர்டர் வந்தால் அவன் திரும்பக் கூப்பிடுவான். புகார் கொடுத்தால் கூப்பிடுவானா?" அவரிடம் காட்டக் கவரும் இல்லை. இந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறை ஒரு விஷயத்தில் எங்கள் டீச்சரைவிடத் தெளிவு: அமைப்புசார்ந்த கடையிலேயே இருந்தாலும், எழுத்து ஒப்பந்தமும் முதலாளி தரும் பென்ஷன், மருத்துவப் பங்கும் இல்லாதவர்களை அமைப்புசாரா வேலையில்தான் சேர்க்கிறது. அப்படிப் பார்த்தால் கவர் வாங்கிய நானும் அவர் பக்கம்தான்.

முதலாளி அவரைக் கூப்பிடவே இல்லை. இப்போது வார்விக் சந்திப்பில், மாநகராட்சி பெர்மிட் வாங்கி, ஏப்ரன் தைத்து விற்கிறார். பக்கத்திலேயே 1910இல் இந்தியத் தோட்டக்காரர்களுக்காக வந்த காலைச் சந்தை. அங்கே கருவேப்பிலை வாங்கப் போனபோது பார்த்தேன். கை வேலை அப்படியே இருக்கிறது, கண்தான் மங்கிவிட்டதாம்.

யூ.ஐ.எஃப். பணம் தீர்ந்த அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு நான் வீட்டில் வைத்து ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். போன வாரம் 22 ஏப்ரன். காசை எண்ணிக் கையில் கொடுத்தார். கவர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.